மேட்டுத்தெரு மாடிவீட்டின் கோடு

ஜனவரி 4, ஞாயிறு

இது உங்கள் கைக்கு வந்திருந்தால், பரண்மேல் கிடக்கும் பழுதான செட்டாப் பாக்ஸ் பெட்டிகளை யாரோ இறக்கியிருக்கிறீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போனில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்தப் போனைத் தொட்டாலும் அது கீழே இருக்கும் கன்ட்ரோல் ரூம் வழியாகத்தான் வெளியே போகிறது. காகிதம் எதன் வழியாகவும் போகாது.

என் பெயர் தாரணிகா. பதினொன்றாம் வகுப்பு. அப்பாவை ஊரில் கேபிள் சபாபதி என்பார்கள். முன்பு டிவி மட்டும். இப்போது அதே கம்பங்களில் இன்டர்நெட்டும் போகிறது. ஊரில் பாதி வீடுகளுக்கு எங்கள் இணைப்புதான். கீழே கடையும் கன்ட்ரோல் ரூமும், மேலே நாங்கள். அப்பாவுக்கு எதிலும் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். 'சபா கேபிள்' என்று போட்டு ஒரு நம்பர். ஏணி, சார்ஜர், டார்ச், என் தண்ணீர் பாட்டில்கூடத் தப்பவில்லை. எங்கள் வீட்டில் ஸ்டிக்கர் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

பள்ளிக் கண்காட்சிக்காக நான் ஒரு வேலை செய்தேன். கன்ட்ரோல் ரூமில் எல்லா வீட்டு இணைப்பும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைக் கடக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது இன்டர்நெட்டில் போகும் ஒவ்வொரு துண்டின், தலைப்பகுதியையும் ஒரு கணினி ஃபைலாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். அதைக் கேப்சர் ஃபைல் என்பார்கள். அந்த ஃபைல்களை எடுத்து, எந்த வீட்டுக்கு எத்தனை எம்பி போனது என்று ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டிக் கோடு வரைந்தேன். பைபாஸ் எடைமேடையில் லாரியின் தார்ப்பாயை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. எவ்வளவு எடை, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான் எழுதிக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். யார் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு, எப்போது என்பது மட்டும் தெரியும். 'எங்கள் ஊர் எப்போது தூங்குகிறது' என்று தலைப்பு வைத்தேன். பரிசு கிடைத்தது.

அதன்பிறகு அப்பா கேட்டார், மேட்டுத்தெரு மாடிவீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கோடு போட்டுக் கொடு, ஸ்பீடு வரவில்லை என்று கம்ப்ளெயின்ட் என்று. போட்டுக் கொடுத்தேன். கேட்காததையும் சொன்னேன். பகல் முழுக்க மெலிந்த கோடு, சாயங்காலம் மில் விடும் நேரத்துக்குப் பிறகு அதன்மேல் இன்னொன்று ஏறுகிறது. அதனால் அங்கே இரண்டு பேர், ஒருவர் மில்லுக்குப் போகிறவர், மற்றவர் வெளியே போவதே இல்லை. அப்பா என் தலையைத் தடவி, "என் தங்கம்" என்றார். அன்று முழுக்க எனக்குக் காலே தரையில் படவில்லை.

இன்று வெள்ளைக் காரில் நான்கு பேர் வந்தார்கள். அம்மா காபி கொடுத்தனுப்பினாள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. பெரிய மீசை வைத்த ஒருவர் என் கோட்டை அச்செடுத்துத் தொடைமேல் விரித்து வைத்திருந்தார். சாயங்கால மேடு சிவப்புப் பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தது. "இதுதான் அந்தக் கம்ப்யூட்டர் புள்ளைங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நெம்ப உபகாரம் சாமி" என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஸ்பீடு வராத கம்ப்ளெயின்ட்டுக்கு எதற்கு நான்கு பேர்?

ஜனவரி 5, திங்கள்

ஒன்றுமில்லை. நான்தான் பெரிதாக்குகிறேன். திருப்புதல் தேர்வுக்கு அட்டவணை கொடுத்துவிட்டார்கள். அம்மாவோடு கொல்லையைக் கூட்டினேன். நேற்று எழுதியதைக் கிழிக்க எடுத்தேன். கிழிக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

பள்ளி விட்டதும் மேட்டுத்தெருவுக்குப் போனேன். கீழே கிரில் பட்டறை, பக்கவாட்டில் இரும்புப் படி, மேலே அந்த வீடு. தட்டியதும் உள்ளே டிவி சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் காகிதம் லேசாக விலகியது.

"கேபிளுங்க்கா," என்றேன்.

சங்கிலியைக் கழற்றாமல் கதவு திறந்தது. எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த இந்துமதி டீச்சர் வயது இருக்கும், இருபத்திரண்டு, இருபத்திமூன்று. கையில் பூரிக்கட்டை. என் யூனிபார்மைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். சப்பாத்தி போடறீங்களாக்கா என்று கேட்டேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா கண்ணு, மாவுதான் இல்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஸ்பீடு வரவில்லை என்று சொன்னீர்களாமே என்றேன்.

"நாங்க யாருக்கும் எதுவும் சொல்லலியே. நல்லாத்தான் வருது." சிரிப்பு போய்விட்டது. "யாரு அனுப்புனாங்க உன்னை?"

நானாகத்தான் வந்தேன், வழக்கமாகப் பார்ப்பதுதான் என்று உளறினேன். அவள் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு. என் சித்தி பேசுவது போலவே இருந்தது. இணைப்பு யாரோ மில் நண்பரின் பெயரில் இருக்கிறது. செருப்புகளைக்கூட வாசலில் விடாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அப்பா ஏன் பொய் சொன்னார்?

ஜனவரி 8, வியாழன்

அம்மாவின் போனில் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. காணவில்லை என்று மேலே எழுதி, தலை நிறையப் பூ வைத்து ஒரு பெண். பெயர் தமயந்தி. மேட்டுத்தெரு அக்காதான். படத்தில் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அன்று காபி கொடுத்தாயே, மீசைக்காரர், அவர் இந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா என்றாள். வேறு ஆளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். வேறு ஆள் என்றால் வேறு சாதி என்று எனக்கும் தெரியும். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பருப்பு அடிப்பிடிக்குது பாரு," என்றாள்.

பருப்பு இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

அப்பா மறுபடி கேட்டார். கடந்த ஏழு நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையச் சொன்னார். இரண்டு பேரும் உள்ளே இருக்கும் நேரம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம்.

தெருவில் ஆள் நிறுத்தினால் பட்டறைக்காரர்கள் யார் என்ன என்று விசாரிப்பார்கள். கோடு நின்றால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் வரைந்த கோடு அந்தப் படிக்கட்டின் கீழே காவல் நிற்கிறது.

நேராகவே கேட்டுவிட்டேன், எதுக்குப்பா என்று. அப்பா ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பெரியவங்க நாலு பேரு போயி, பேசி, புள்ளைய வூட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. அவ்வளவுதான் அம்மிணி. பொங்கலுக்கு முந்துன நாளு, காப்புக்கட்டு அன்னிக்கு மில்லு லீவுதானே? அன்னிக்கு ரெண்டு பேரும் இருப்பாங்க."

பேசுவதற்கு என்றால் அவள் தனியாக இருக்கும்போதே போகலாமே. இரண்டு பேரும் எதற்கு? இதை நான் கேட்கவில்லை. அப்பா நல்லவர். எங்கள் மணி லாரியில் அடிபட்டபோது அந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு அழுதவர். பேசத்தான் போகிறார்கள். அப்பா சொன்னால் பேசத்தான்.

ஜனவரி 10, சனி

செய்யக்கூடாததைச் செய்தேன். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வீட்டின் கோட்டை மட்டும் ஆறு மணி நேரம் நகர்த்தி வைத்தேன். சாயங்கால மேடு நடுராத்திரியில் விழும்படி செய்தேன். பார்த்தால் அவர் மில்லில் இரண்டாவது ஷிப்ட் போகிறார் என்று தோன்றும். சுத்தமாக வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வியாழக்கிழமைக் கோட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தார். ஒரு பள்ளம். பூஜ்யத்துக்கு இறங்கி ஏறியிருந்தது.

"வியாழக்கிழமை கரண்டு போனது மத்தியானம் மூணு மணிக்கு. ஊருக்கே போச்சு. இவங்களுக்கு மட்டும் ராத்திரி ஒம்போது மணிக்குப் போயிருக்குதே?"

கரண்டு போனால் எல்லா வீட்டு ரூட்டரும் அணையும், எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் விழும். நான் மேட்டை நகர்த்தும்போது பள்ளமும் கூடவே நகர்ந்துவிட்டது. கம்பத்திலேயே வாழ்க்கையைக் கழித்த மனிதருக்குக் கரண்டு போன நேரம் மறக்குமா? இதை நான் யோசிக்கவே இல்லை.

எங்கோ கூட்டலில் தப்பு வந்துவிட்டது என்றேன். அப்பா சிரித்தார். "உனக்குக் கணக்குல தப்பு வருமா சாமி?" என்றார். சிரிப்பு முடிந்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காப்புக்கட்டு அன்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடு, என் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதைக்கு அப்போது போட்டுக் காட்டு என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

அப்பா இன்று என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை.

பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் உதவி எண் போட்டிருக்கிறது. குளியலறைக்குள் போய் அழுத்தினேன். ஒரு பெண் குரல், சொல்லும்மா என்றது. அடுத்து பெயர் கேட்பார்கள். அப்பா பெயர் கேட்பார்கள். வைத்துவிட்டேன். கோழை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரும் சாகக்கூடாது. அப்பாவும் ஜெயிலுக்குப் போகக்கூடாது.

சாகக்கூடாது என்று எழுதிவிட்டேன். இதுவரை அந்த வார்த்தையை எழுதவில்லை.

ஜனவரி 12, திங்கள்

இனி கோட்டை வளைக்க முடியாது. அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால் வீட்டையே பொய் சொல்ல வைக்க வேண்டும். வேதியியல் வகுப்பு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

சாயங்காலம் கடை மேஜை டிராயரில் இருந்து பழைய போனை எடுத்தேன். ரீசார்ஜ் செய்ய வைத்திருந்தது, திரையில் கீறல், பச்சை ரப்பர் உறை போட்டது. ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள், துவைத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு. நான் மூட மறந்த டிராயரை இடுப்பால் தள்ளி மூடிவிட்டு உள்ளே போனாள்.

மேட்டுத்தெருவில் அவரும் இருந்தார், தமயந்தியக்காவின் கணவர். இன்பராஜ் என்று பெயர். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காப்புக்கட்டு அன்று வரப்போகிறார்கள், நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா என்று இன்டர்நெட்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள், அதனால் போகும்போது டிவியை ஓடவிட்டுப் போங்கள், இந்தப் போனிலும் பாட்டு வீடியோவை விடாமல் ஓடவிட்டுப் போங்கள், டிவி ஒரு ஆள், போன் ஒரு ஆள். உங்கள் போன்களை அணைத்து எடுத்துப் போங்கள். யாருக்கும் பேசாதீர்கள். எனக்கும்.

பொங்கலுக்கு வெளியூர்த் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அன்று சாயங்காலம் மில் பஸ்கள் கிளம்புமாம். ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கும் ஒரு பெண்ணின் அடையாள அட்டையை வாங்கித் தமயந்தியக்கா கழுத்தில் மாட்டிவிடலாம் என்றார் அவர். மாஸ்க் போட்டால் தெரியாது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கறது யாரு? உங்கப்பாவா?"

இல்லை என்றேன். உடனே சொன்னேன். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக்கூடாது.

அவள் என் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டாள். "சரி. எங்க கேட்டாலும் உங்கப்பா பேரை நான் சொல்ல மாட்டேன். நீ அழுவாத."

நான் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரண் பெட்டிகளை இறக்கப் போகிறோம் என்றார் அப்பா. நானே துடைத்து வைத்துவிடுகிறேன் என்று ஏறிவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

சாயங்காலம் வாசல் நிலையில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். மில் பஸ்கள் வரிசையாகப் போயின. இரண்டாவது பஸ்ஸில், ஜன்னலோரம், மாஸ்க் போட்டு ரோஸ் சால்வை போர்த்திய ஒருத்தி. நெற்றியை வைத்தே தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவர். பஸ் பைபாஸ் பக்கம் திரும்பும் வரை நான் கையில் பூவோடு நின்றேன். பூவைக் கட்டாம யாரைப் பாக்கறே என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

சாப்பிட்ட பிறகு அப்பா கூப்பிட்டார். கன்ட்ரோல் ரூமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுப் புது ஃபைல் வந்து விழ விழ, இந்த முறை நொடி நொடியாகக் கூட்டிக் கோடு போட்டேன். வீடியோ ஒரே சீராக வருவதில்லை. மடக் மடக்கென்று குடிப்பதுபோல் ஏறி இறங்கி ரம்பப் பல்லாகத் தெரியும். இரண்டு ரம்பங்கள், ஒன்றன்மேல் ஒன்று. நான் இதுவரை போட்ட எல்லாக் கோட்டையும்விட அழகாக இருந்தது.

"இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்கப்பா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

அப்பா போனை எடுத்து, "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையை மாற்றினார். காப்புக் கட்டிய வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டுக்கொண்டார். பேசத்தான் என்றால் அவர் எதற்குப் போக வேண்டும், வேட்டியைக் கழற்றிவிட்டுப் பேன்ட் எதற்கு என்று கேட்க நினைத்தேன். போய்ப் படு என்றார். பைக் போய்விட்டது.

லேப்டாப்பை மேலே எடுத்து வந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத வீட்டில் ஒரு டிவியும் ஒரு போனும் பாட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது விழுந்தது.

முதலில் ஒரு ரம்பம் நின்றது. அடுத்த ஃபைலில் இரண்டாவதும் நின்றது. பூஜ்யம். கரண்டு போகவில்லை, மற்ற வீடுகள் எல்லாம் ஓடுகின்றன. அந்த வீடு மட்டும்.

உள்ளே போய்விட்டார்கள். கதவை உடைத்திருப்பார்கள். அறை அறையாகப் பார்த்திருப்பார்கள். யாரும் இல்லை. மில் பஸ் இந்நேரம் எத்தனையோ ஊர் தாண்டியிருக்கும். அவர்கள் கையில் கிடைத்தது ஒரு டிவியும் ஒரு பழைய போனும் மட்டும். சிரிப்பு வருகிறது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

போன்.

அன்று கொடுப்பதற்கு முன் திரையைத் துடைத்தேன். சிம் எடுத்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தேன். பச்சை உறையைக் கழற்றவில்லை. உறைக்குள், முதுகில், அப்பா எதையும் ஒட்டாமல் விட்டதில்லை.

சபா கேபிள். ஒரு நம்பர்.

இந்நேரம் யாராவது உறையைக் கழற்றியிருப்பார்களா? மீசைக்காரர் கழற்றினாரா? கழற்றி அப்பாவிடம் நீட்டினாரா? அப்பா என்ன சொல்லியிருப்பார்? திருடு போனது என்று சொல்லுங்கப்பா. தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அப்பாவுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். கரண்டு போன நேரமே மறக்காதவர்.

பைக் சத்தம். பின்னாலேயே கார்.

கார் வாசலில் நிற்கிறது. இன்ஜினை அணைக்கவில்லை. கீழே அம்மா ஏதோ சொல்கிறாள், கதவுக்குக் குறுக்கே நின்று சொல்வதுபோல் இருக்கிறது. அவ ஒரு மாதிரியா இருந்தா, மாத்திரை போட்டுப் படுக்க வெச்சிருக்கறேன் என்கிறாள். அம்மா பொய் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாள். டிராயரை மூடியது எனக்காகத்தான்.

இதை உடனே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பரண் ஏறினால் பலகை சத்தம் போடும்.

படியில் ஒரே ஒரு ஆளின் காலடி. மெதுவாக. ஆறாவது படி எப்போதும் முனகும். முனகியது.

கதவு தட்டப்படுகிறது. விரல் நுனியால், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கு எழுப்பத் தட்டுவதுபோல்.

"அம்மிணி. கதவைத் தொற சாமி. கீழ அவங்க நிக்கறாங்க."

அப்பா அழுவதுபோல் இருக்கிறது. அல்லது